மாஞ்சோலை வீட்டைக் காட்டி விசா கேட்ட கதை

விண்ணப்பப் பாரம் நிரப்புவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நாற்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அறுபத்தொரு வயது வரை இந்த நம்பிக்கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. வந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மாத்திரை கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் சம்பளத்துக்குச் செய்த வேலை. பாரம் நிரப்பியது பெருமைக்குச் செய்த வேலை. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், எதுவானாலும் மலையில் உள்ளவர்கள் என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேருடைய பிறந்த தேதியே நான் எழுதியதுதான். (ஒண்ணு ரெண்டு வயசு கூடக் குறைய இருக்கும். பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்க வேண்டாமா?) கம்பவுண்டர் எழுதிய பாரத்தைக் கீழே ஆபீஸில் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நானேதான் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு தோட்டக் கம்பெனியின் குத்தகைக் காலம் முடியப்போகிறது என்றார்கள், தோட்ட வேலை நின்றது, எங்கள் லைனில் இருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு குடும்பமாக மலையை விட்டு இறங்கினோம். என் மனைவி சொர்ணம் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். கூடையை இறக்கிவைத்த பிறகும் அவள் வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தேதான் இருக்கும். கட்டில், பீரோ, இரண்டு அண்டா, ஒரு தையல் மிஷின், அவ்வளவும் அரை லாரியைக்கூட நிரப்பவில்லை. லாரி கிளம்புகிற நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். காட்டுப்பன்றி உள்ளே போய்விடக் கூடாது என்று வீட்டு வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து ஆறு ஆணி அடித்தேன். "யாரு வந்து இருக்கப் போறான்னு அடைக்கிய?" என்று சொர்ணம் கேட்டாள். வாயில் இரண்டு ஆணி வைத்திருந்தேன்.

சேரன்மகாதேவியில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தோம். வீட்டுக்கார அம்மா பெயர் ஆறுமுகத்தம்மாள். நல்ல மனுஷி. முன்கட்டில் அவள், பின்கட்டில் நாங்கள், பின்வாசலைத் திறந்தால் வயல். ஊர் நல்ல ஊர்தான். ஆனால் பிறந்ததிலிருந்து குளிரில் கிடந்த உடம்புக்கு அந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. மலையில் வருடம் முழுக்கக் கம்பளி போர்த்திய சொர்ணம் இங்கே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமைத்தாள். நான் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மணிமுத்தாறு பக்கம் போகிற பஸ்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வேறு வேலை இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், செல்வி. என் ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்து பாடம் படித்தவள். நர்ஸ் ஆகி, நியூசிலாந்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் முடிந்து குடியிருக்கிறாள். மருமகன் பால் பண்ணை ஒன்றில் இயந்திரம் பார்க்கிறவர். செல்விக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் நாங்கள் மலையில் இருந்தோம். போனில் அழுகையைக் கேட்டுக்கொண்டு இருந்ததைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. மலையை விட்டு இறங்கிய இரண்டாம் மாதம் செல்வி மறுபடியும் உண்டாகியிருக்கிற செய்தி வந்தது. ஐந்தாவது மாதம் தாண்டியபோது பேசினாள்.

"அம்மா வரணும்ப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அப்புறம் அவளே, நாங்கள் இரண்டு பேரும் இனிமேல் வருடத்தில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருந்துவிடலாமே என்றாள். அங்கே குளிர் உண்டு, பச்சை மலை உண்டு, அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்றாள். சொர்ணம் போனை வைத்துவிட்டு முதல் தடவையாகத் தலையில் இருந்த ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். ஏதோ அடுத்த வாரமே பனி விழப் போகிற மாதிரி.

திருநெல்வேலியில் வண்ணாரப்பேட்டை மாடி ஒன்றில் முருகேசன் என்றொரு தம்பி விசா வேலை பார்த்துக்கொடுக்கிறான் என்று விசாரித்துப் போனோம். நாற்பது வயது இருக்கும். அவசரப்படாமல் பேசுகிற ஆள். மூன்று வழி இருக்கிறது என்றான். ஒன்று, சாதாரண வருகையாளர் விசா. போகலாம், சில மாதம் இருக்கலாம், வந்துவிட வேண்டும். இரண்டாவது, பெற்றோருக்கென்றே உள்ள விசா. மூன்று வருடத்துக்குள் பல தடவை போகலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம், ஆனால் மகள் பொறுப்பேற்க வேண்டும், உடல் பரிசோதனை உண்டு, கேள்வியும் கூடுதல். மூன்றாவது, அங்கேயே குடியேறுவது. அதற்குக் காத்திருக்கிற வரிசையில் நின்றால் பேரப் பிள்ளைக்கே கல்யாணம் ஆகிவிடும் என்றான்.

"அண்ணாச்சி, என்னக் கேட்டா, மொதல்ல அக்காவுக்கு மட்டும் சாதாரணத்தப் போடுவோம். அக்கா பிரசவம் பாத்துட்டுத் திரும்பி வரட்டும். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பெரிசப் போடலாம். ஒரு தடவ போயிட்டு ஒழுங்கா வந்துட்டாங்கன்னா அடுத்த தடவ அவங்க நம்புவாங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சொர்ணமும் தலையை ஆட்டினாள். இங்கேதான் என் கர்வம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டது. பெரிய விசா இருக்கும்போது சின்னதை எதற்குக் கேட்க வேண்டும்? என்னைவிட்டுவிட்டு அவளை எப்படித் தனியாக அனுப்புவது? (உண்மை என்னன்னா, அந்தப் பின்கட்டுல தனியா இருக்க எனக்குப் பயம். அத ஆம்பள வாயால எப்படிச் சொல்ல?) வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு, மூன்று விசாவுக்கும் நல்லது கெட்டது எழுதினேன். பெரிய விசாவின் கட்டத்தில் நல்லது பன்னிரண்டு. சாதாரண விசாவின் கட்டத்தில் நல்லது என்று ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தேன்: சீக்கிரம் கிடைக்கும். அந்த ஒன்று போதும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிய விசாதான் என்று முடிவு செய்தேன். முருகேசன் பாரத்தைத் தானே நிரப்பித் தருகிறேன் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் நமக்குத் தெரியும்வே. நான் எழுதிக் கொண்டாறேன், நீரு கம்ப்யூட்டர்ல ஏத்தினாப் போதும்" என்றேன்.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். பெயர், பிறந்த தேதி, நோய்கள், எல்லாம் தண்ணீராக ஓடியது. ஒரு கேள்வியில் வந்து பேனா நின்றது. இப்போது வசிக்கும் முகவரி. அதன் கீழே, அங்கே எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள். அதன் கீழே, வீடு சொந்தமா, வாடகையா, வேறா. இன்னும் கொஞ்சம் தள்ளி, சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது.

சேரன்மகாதேவி, நான்கு மாதம், வாடகை என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் அது யாரோ ஓடிப்போன ஆளுடைய பாரம் மாதிரி இருந்தது. நாற்பது வருடம் ஊரார் பாரத்தையெல்லாம் லட்சணமாக நிரப்பியவன், என் சொந்தப் பாரத்தில் நான்கு மாதம் என்று எழுதுவதா? அந்தத் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் மாஞ்சோலை லைன் வீட்டு முகவரியை எழுதினேன். வசிக்கும் காலம்: அறுபத்தொரு வருடம். வீடு: சொந்தம்.

அது கம்பெனி கட்டிய வீடு. எங்கள் ஐயா காலத்தில் கொடுத்தது, வேலை இருக்கும் வரைக்கும்தான் நமக்கு. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அந்த அறையில்தான் பிறந்தேன், அங்கேதான் எனக்கு மகள் பிறந்தாள். அப்படிப்பட்ட வீட்டில் சொந்தம் என்று டிக் அடிக்க ஒரு மனுஷனுக்கு உரிமை கிடையாதா என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். எனக்கு எதிராக வாதாட அங்கே யாரும் இல்லாததால் சுலபமாக ஜெயித்தேன். ஆதார் அட்டையில், பாஸ்போர்ட்டில், எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இருந்தது என்பதும் வசதியாகப் போயிற்று. பாரம் இங்கிலீஷில் இருந்தது. சொர்ணத்திடம் நீட்டி, கையெழுத்துப் போடு என்றேன். போட்டாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. நாற்பது வருடமாக யாருமே என்னிடம் கேட்டதில்லை.

முருகேசன் முகவரியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினான். "இன்னும் அங்கனயா இருக்கிய?" என்றான். அவ்வப்போது போய் வருகிறோம் என்றேன். அப்படியென்றால் வீட்டு முன்னால் நின்று எடுத்த போட்டோ ஒன்று வைத்தால் நல்லது என்றான். அவன் சந்தேகப்பட்டுத்தான் கேட்டான் என்று இப்போது புரிகிறது. அப்போது அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது.

காலை பஸ்ஸில் மலைக்குப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் திருநீறு. செக்போஸ்டில் என்னைத் தெரிந்த காவலர், "என்ன கம்பவுண்டரே, ஏதும் விசேஷமா?" என்றார். வீட்டு விசேஷம் என்றேன். லைனில் இறங்கி நடந்தால் பாதையைக் காணவில்லை. முழங்கால் உயரத்துக்குப் புல். அட்டை இரண்டு காலிலும் ஏறிவிட்டது. வெள்ளை வேட்டியில் ரத்தப் பொட்டு விழாமல் இருக்க வேட்டியைத் தொடை வரை தூக்கிக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத லைனில் ஒவ்வொரு வீடாகத் தாண்டிப் போனேன். என் வீட்டு வாசலில் நான் அடித்த பலகை அப்படியே இருந்தது. ஆணியைப் பிடுங்கக் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பிடுங்கவும் மனசு வரவில்லை.

கூட வந்த ஆள் கிடையாது. ஒரு கல்லின் மேல் போனைச் சாய்த்துவைத்து, பத்து நொடியில் தானாக எடுக்கும்படி அமைத்துவிட்டு, ஓடிப்போய் வாசலில் நின்றேன். பலகை தெரியக் கூடாது என்று அதற்கு நேர் முன்னால் தலையை வைத்தேன். முதல் ஆறு போட்டோவில் ஓடுகிற முதுகு மட்டும் இருந்தது. ஏழாவதில் நான் இருந்தேன். வீட்டுக்காரன் போலவே கை கட்டி, நிமிர்ந்து, லேசாகச் சிரித்துக்கொண்டு. போனின் சின்னத் திரையில் பார்த்தபோது பலகை மறைந்திருந்தது போலத்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து, காலை ஆறரை மணிக்கு அழைப்பு வரும் என்று செய்தி வந்தது. அங்கே அப்போது மத்தியானம். அதிகாரி ஒரு அம்மா. மொழிபெயர்க்க இன்னொரு அம்மா, அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் சொர்ணத்திடம் தனியாகப் பேச வேண்டும், ஐயா வெளியே போய் நில்லுங்கோ என்றார்கள். நான் போய் வயல் வரப்பில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் சொர்ணம் வந்து போனை நீட்டினாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. என்ன கேட்டார்கள் என்றேன்.

"எங்கன இருக்கியன்னு கேட்டாங்க. சொன்னேன்."

மேற்கொண்டு விசாரிக்க நேரமில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வணக்கம் சொன்னேன். கேட்ட கேள்விக்கெல்லாம் கேட்காத பதிலையும் சேர்த்துச் சொன்னேன். மாஞ்சோலையில் அறுபத்தொரு வருடமாக இருக்கிறேன் என்றேன். சொந்த வீடு என்றேன். வாசலில் ரோஜாச் செடி இருக்கிறது என்றேன். (இருந்தது. நாலு மாசத்துக்கு முந்தி.) பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். இடது பக்கம் ஒரு குடும்பம், வலது பக்கம் ஒரு குடும்பம், எதிரே மூன்று குடும்பம் என்று பெயர் சொல்லி, பிள்ளைகள் பெயர் சொல்லி, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இழுப்பு என்பது வரை சொன்னேன். அவர்கள் அத்தனை பேரும் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், கோயம்புத்தூர் என்று போய்விட்டவர்கள். சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகமாக இருந்தது. இறங்கி வந்த பிறகு அந்தப் பெயர்களை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

மறுமுனையில் கொஞ்ச நேரம் இங்கிலீஷ் ஓடியது. பிறகு அந்த யாழ்ப்பாணத்து அம்மா மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, நீங்கள் அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பாக்கிறா. உங்கட தலைக்கு ரெண்டு பக்கத்தாலயும் ஒரு பலகை நீட்டிக்கொண்டு நிக்குதாம். கதவு வெளியில இருந்து ஆணி அடிச்சுப் பூட்டிக் கிடக்குதாம். நீங்கள் எப்பிடி உள்ள போறனீங்கள் எண்டு கேக்கிறா."

இன்றைக்கும் அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. காதுக்குக் காது ஒரு பலகை. இடது காதுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி. தலையைப் பலகையில் வைத்து அறைந்துவிட்ட மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

பின்வாசல் வழியாகப் போவோம் என்றேன். லைன் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. அது அந்த அதிகாரி அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நிமிடத்திலும் ஒரு துணிச்சல். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"ஐயா, அம்மா சொன்னவா, நீங்கள் ரெண்டு பேரும் சேரன்மகாதேவியில வாடகை வீட்டில இருக்கிறியள் எண்டு. மலையில இருந்து எல்லாரும் இறங்கி வந்திட்டினம் எண்டும் சொன்னவா."

பின்வாசலுக்கு வெளியே சொர்ணம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். அதிகாரி கேட்டதா, அவரே கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அந்த வீட்டுக்கு நீங்கள் இனித் திரும்பிப் போக ஏலுமோ ஐயா?"

"ஏலாது" என்றேன். அவர் பாஷையிலேயே வந்துவிட்டது.

போனை வைத்த பிறகு சொர்ணத்திடம் கத்தினேன். ஏன் சேரன்மகாதேவி என்று சொன்னாய், பாரத்தில் மாஞ்சோலை என்றல்லவா எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் கையில் சாம்பலோடு என்னைப் பார்த்தாள்.

"பொய் எழுதிருக்கியன்னா அத எங்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கலாம்லா. நான் காலையில எந்திச்சி இந்தா இங்கனதான வாசத் தெளிச்சேன்."

இரண்டு பேருக்கும் விசா இல்லை என்று கடிதம் வந்தது. தவறான தகவல் தரப்பட்டிருக்கிறது, சொந்த நாட்டுக்குத் திரும்புவதற்கான காரணம் காட்டப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நிரப்பிய பாரம் திரும்பி வந்தது. முருகேசன் ஆபீஸில் சொர்ணம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: இவரோடு சேர்த்துப் போட்டதால்தான் தனக்கும் இல்லையென்று சொல்லிவிட்டார்களா? முருகேசன் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். சேரன்மகாதேவி வரும் வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், தன் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள், கையைக் கழுவினாள், எழுந்து போனாள். முப்பத்தாறு வருடத்தில் எனக்கு முன்னால் அவள் சாப்பிட்டது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செல்விக்கு நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்னாலேயே அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் செல்விக்குத் தையல் போட்ட இடம் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை வீட்டில் மருமகனோடு. அவர் மாட்டிலிருந்து பால் கறக்கும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர். இரண்டரைக் கிலோப் பிள்ளையைத் தூக்கத் தெரியாதவர். போனில் அவர் முகத்தைப் பார்த்தால் அவரைத்தான் யாராவது தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். மருமகன் அங்கே போனை ஒரு வாளி மேல் சாய்த்துவைத்தார். இங்கே சேரன்மகாதேவி அடுக்களையில் சொர்ணம் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். ஒரு துண்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டுத் தலை மாதிரி செய்து, இரண்டு கால் மேலும் போட்டுக்கொண்டாள். போனைப் பிடிக்கிற வேலை எனக்கு.

"கழுத்தப் பிடிங்க மாப்ள. பைய. பயப்படாதிய, அவ ஒண்ணும் உடஞ்சி போயிர மாட்டா. இந்தா, இப்படி."

துண்டுக்குத் தண்ணீர் ஊற்றினாள். முகத்தில் வழியாமல் கையை வைத்து மறைத்து ஊற்றினாள். திருப்பிப் போட்டு முதுகைத் தேய்த்தாள். அங்கே குழந்தை வீரிட்டு அழுதது; இங்கே இவள் துண்டைத் தட்டிக்கொடுத்தாள். முடிந்ததும் இன்னொரு துண்டை எடுத்து அந்தத் துண்டுக்குத் தலை துவட்டினாள். துவட்டிக்கொண்டே இருந்தாள். மருமகன் எப்போதோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திரையில் காலி வாளியும் சுவரும்தான் தெரிந்தன. போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்படிப் பன்னிரண்டு நாள். செல்வி ஆஸ்பத்திரியில் இருந்து பேசும்போதெல்லாம், மாத்திரை சாப்பிட்டீங்களாப்பா என்று என்னைத்தான் விசாரித்தாள். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் மலையில் பாம்புக் கடிக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன், ஒரு தடவை யானை விரட்டி ஓடியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாள் மாதிரி எதுவும் என்னை ஆட்டியதில்லை.

செல்வி தேறி வீட்டுக்கு வந்த வாரம், சொர்ணம் தன் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி முருகேசனைப் பார்க்கப் போனாள். போகிற இடத்தை ஆறுமுகத்தம்மாளிடம் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் முருகேசன் என்னைப் போனில் கூப்பிட்டான். அக்காவுக்கு மட்டும் சாதாரண விசா போடுகிறேன், ஆனால் போன தடவை நடந்ததற்கு விளக்கம் வேண்டும், அதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றான்.

எழுதினேன். தமிழிலேயே எழுதினேன், அவன் மொழிபெயர்த்துக்கொண்டான். பொய் எழுதியவன் நான், என் மனைவிக்கு அது தெரியாது, அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்று எழுதினேன். மாஞ்சோலை வீடு எங்களுடையது அல்ல என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத ஒரு முற்பகல் ஆயிற்று. என் வாழ்நாளில் நான் நிரப்பியதிலேயே சின்னப் பாரம் அது. அடித்தல் திருத்தல் அதிகம் இருந்ததும் அதில்தான்.

திரும்பி வருவதற்குச் சொர்ணத்துக்கு இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி மறுபடியும் இருந்தது. நிலம் இல்லை, வீடு இல்லை, வேலை இல்லை. முருகேசன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க இருக்கியல்லா. போதும்."

ஆறுமுகத்தம்மாள் எழுதிக்கொடுத்த வாடகைக் கடிதம் இணைப்பு ஒன்று. செல்வியின் ஆஸ்பத்திரிக் காகிதம் இணைப்பு இரண்டு. என் விளக்கக் கடிதம் இணைப்பு மூன்று. இணைப்பு நான்கு: மனுதாரரின் கணவர் இந்தியாவிலேயே இருப்பார் என்ற உறுதிமொழி, அவருடைய புகைப்படத்துடன். பெரிய விசாவுக்குப் பன்னிரண்டு நல்லது எழுதியவனை, சாதாரண விசாவுக்கு ஒரு காகிதமாகக் குத்தி அனுப்பினார்கள். விசா வந்துவிட்டது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சொர்ணம் உள்ளே போகும்போது குழந்தைக்கு ஐந்து மாதம். முருகேசன் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தான்: அக்கா வரும்வரை நீங்கள் எங்கேயும் போய்விடக் கூடாது. எங்கேயும் என்றால் எங்கேயும்தானா என்று கேட்டேன். மேலேயும் சேர்த்துத்தான் அண்ணாச்சி என்றான். சொர்ணத்திடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

ஆறு மாதம் இருந்துவிட்டுச் சொன்ன நாளில் திரும்பி வந்தாள். அடுத்த முறையும் போயிருக்கிறாள். இதை எழுதும்போது அங்கேதான் இருக்கிறாள். நானும் இப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று செல்வி சொல்கிறாள். இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா, ஏன் என்ற கேள்வி அந்தப் பாரத்தில் இருக்கிறது. கொடுத்திருக்கும் இடமோ இரண்டு வரி. நானும் போய்விட்டால் திரும்பி வருவதற்குச் சொர்ணத்துக்கு எதைக் காட்டுவது என்பதும் இருக்கிறது. ஆகவே வருடத்தில் ஆறு மாதம் அவளுக்கு மலை, எனக்குப் பின்கட்டு. சோறு வடிக்கப் பழகிவிட்டேன். தனியாக இருக்கப் பழகவில்லை.

அங்கே என் பெயரே மாறிவிட்டது. மருமகனின் போனில் என் எண் ‘இணைப்பு நான்கு’ என்று பதிவாகியிருக்கிறது. பேத்திக்கு இன்னும் தாத்தா என்று சொல்ல வரவில்லை. திரையில் என் மூஞ்சி தெரிந்தால் "ணைப்பு, ணைப்பு" என்கிறாள். செல்வி சிரிக்கிறாள், மருமகன் சிரிக்கிறார், நானும்தான் சிரிக்கிறேன். போன மாதம் ஒருநாள் கரண்ட் போய், போனில் சார்ஜ் இல்லாமல், அரை நாள் நான் எடுக்கவில்லை. ஆறுமுகத்தம்மாள் வந்து கதவைத் தட்டினாள். அவள் கையில் போன், மறுமுனையில் சொர்ணம். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருக்காரும்மா, நல்லாத்தான் இருக்காரு, கத்திரிக்கா நறுக்கிக்கிட்டு இருக்காரு" என்று தகவல் சொன்னாள்.

அதிலிருந்து தினமும் காலையில் சொர்ணம் கூப்பிடுகிறாள். சாப்பாட்டை விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இணைப்பு இருக்கா?"

"இருக்கேன்" என்கிறேன்.